கணக்குத்தாளின் பின்பக்கத்தில் ஒரு கதை
(செத்னே, சி-ஒசிரே கதை: ஒரு திறனாய்வு)



போன தவணையில் ஒரு மாணவர் எழுதிய விடையில், கிளியோபாட்ராவின் மரணத்தோடு எகிப்தியப் பண்பாடு முடிவுக்கு வந்தது என்று ஒரு வரி இருந்தது. நான் சிவப்பு மையால் அடிக்கோடிட்டுவிட்டேன். இடைவேளையில் அந்தப் பையன் வந்து நின்றான். “சார், ராணியே செத்துட்டாங்க. நாடு ரோம்காரன் கைக்குப் போயிருச்சி. அப்புறம் என்ன சார் மிச்சம் இருக்கும்?” என்று கேட்டான்.

நல்ல கேள்விதான். சிவப்பு மையால் மட்டும் பதில் சொல்லிவிட முடியாது. அதனால் அவனுக்கு ஒரு கதை சொன்னேன். கிளியோபாட்ரா இறந்து முக்கால் நூற்றாண்டுக்குப் பிறகு, எகிப்திய மொழியில், எகிப்திய எழுத்தில், ஓர் எகிப்தியர் படியெடுத்து வைத்த கதை அது. அந்தக் கதையைத்தான் இங்கே திறனாய்வு செய்யப் போகிறோம். கரு, பாத்திரப்படைப்பு, பின்னணி, உத்தி என்று நாம் வகுப்பில் பயன்படுத்தும் அதே கருவிகள் இதற்கும் போதும்.

கதை இருக்கும் தாள்

முதலில் தாளைப் பார்ப்போம். இந்தக் கதை பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரு பாப்பிரஸ் சுருளின் பின்பக்கத்தில் எழுதப்பட்டுள்ளது. முன்பக்கத்தில் இருப்பது கிரேக்க மொழியில் எழுதிய அலுவலக நிலக் கணக்கு. ரோமானியப் பேரரசர் கிளாடியஸின் ஏழாம் ஆட்சியாண்டு, அதாவது கி.பி. 46-47, என்ற குறிப்பு அதில் இருக்கிறது. கணக்கு பழசாகிப் பயனற்றுப் போன பிறகு, யாரோ அந்தத் தாளைத் திருப்பி, டெமோட்டிக் எழுத்தில் இந்தக் கதையை எழுதியிருக்கிறார். டெமோட்டிக் என்பது எகிப்தியரின் அன்றாடக் கூட்டெழுத்து. கோயில் சுவரில் நாம் பார்க்கும் சித்திர எழுத்து வேறு, கை வேகத்துக்கு ஏற்ற இந்த எழுத்து வேறு.

ஒரு பக்கம் ஆட்சியின் மொழி, மறுபக்கம் கதையின் மொழி. இதைப் பார்த்ததும் சிலர் உடனே, “இது அடக்குமுறைக்கு எதிரான போராட்டம்” என்று எழுதிவிடுவார்கள். அவசரப்பட வேண்டாம். பழைய அலுவலகத் தாளைத் திருப்பி எழுதுவது அந்தக் காலத்தில் சாதாரணமான சிக்கன நடவடிக்கை. படியெடுத்தவர் மனத்தில் போராட்டம் இருந்ததா என்பதைத் தாள் சொல்லாது. ஆனால் ஓர் உண்மையை அது உறுதியாகச் சொல்கிறது: நிலக் கணக்கு எந்த மொழியில் இருந்ததோ, அந்த மொழியில் கதை இல்லை. கதை இருந்த மொழியில் நிலக் கணக்கு இல்லை. இந்தத் திறனாய்வு முழுவதற்கும் இதுதான் அச்சாணி.

கதைச்சுருக்கம்

சுருளின் தொடக்கப் பகுதி சிதைந்துவிட்டது. மிஞ்சியிருப்பதிலிருந்து கதை இதுதான்.

மன்னரின் மகன் செத்னே. இவர் வெறும் கற்பனை அல்ல. இரண்டாம் ராம்சேஸின் மகனும் மெம்பிஸ் நகரின் ப்தா கோயில் தலைமைக் குருவுமான காயம்வாசேத் என்ற வரலாற்று மனிதரே, ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் கழித்துக் கதைகளில் செத்னேயாக உலவுகிறார். செத்னேக்குப் பிள்ளை இல்லை. மனைவி கோயிலில் உறங்கி, கனவில் மருந்து அறிந்து, ஓர் ஆண் குழந்தையைப் பெறுகிறாள். குழந்தையின் பெயர் சி-ஒசிரே, அதாவது ஒசிரிஸின் மகன். பையன் பள்ளிக்குப் போன சில காலத்திலேயே தன் ஆசிரியரை மிஞ்சிவிடுகிறான். பன்னிரண்டு வயதில் மெம்பிஸில் அவனுக்கு ஈடான எழுத்தர் எவரும் இல்லை.

ஒருநாள் தந்தையும் மகனும் இரண்டு சவ ஊர்வலங்களைப் பார்க்கிறார்கள். பணக்காரன் ஒருவனை ஊரே ஒப்பாரி வைத்து, ஆடம்பரமாகக் கொண்டு போகிறது. ஏழை ஒருவனைப் பாயில் சுருட்டித் தூக்கிப் போகிறார்கள், பின்னால் யாருமே இல்லை. செத்னே பணக்காரனைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார். மகனோ, “அப்பா, உங்களுக்கு அந்த ஏழைக்கு நடப்பதுதான் நடக்க வேண்டும்” என்ற பொருளில் சொல்லித் தந்தையைத் திடுக்கிட வைக்கிறான். பிறகு அவரைக் கையோடு இறந்தோர் உலகுக்கு அழைத்துப் போகிறான். அங்கே ஒசிரிஸின் அருகே மெல்லிய அரச ஆடை உடுத்தி நிற்பவன் அந்த ஏழை. ஒரு மண்டப வாசலில், கதவின் சுழல்முனை வலக்கண்ணில் பதிந்திருக்க, அலறிக்கொண்டு கிடப்பவன் அந்தப் பணக்காரன். அவனோடு புதைத்த பொருள்களெல்லாம் ஏழைக்கே கொடுக்கப்பட்டுவிட்டன.

கதையின் இரண்டாம் பாதியில் நூபியா நாட்டுத் தலைவன் ஒருவன் அரசவைக்கு வருகிறான். உடலோடு கட்டிய ஒரு முத்திரையிட்ட கடிதம் அவனிடம் இருக்கிறது. “திறக்காமலேயே இதைப் படிக்கக்கூடியவர் எகிப்தில் உண்டா? இல்லையென்றால் உங்கள் நாட்டின் தலைகுனிவை என் நாட்டில் போய்ச் சொல்வேன்” என்பது அவன் சவால். அரசர் கலங்குகிறார். செத்னே பத்து நாள் தவணை கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து சுருண்டு படுத்துவிடுகிறார். மகன் சிரிக்கிறான். “கீழ்த்தளத்தில் போய் எந்த நூலை வேண்டுமானாலும் கையில் எடுங்கள், நான் மேலே இருந்தே படிக்கிறேன்” என்று சோதனை காட்டுகிறான். அப்படியே படிக்கவும் செய்கிறான்.

அவையில் அவன் கடிதத்தைப் படிக்கிறான். அதற்குள் 1500 ஆண்டுகளுக்கு முந்தைய இன்னொரு கதை இருக்கிறது. நூபிய மந்திரவாதி ஒருவன் எகிப்திய அரசரை இரவோடு இரவாகத் தூக்கிப்போய், 500 அடி கொடுத்துத் திருப்பி அனுப்பினான். எகிப்திய எழுத்தர் ஒருவர், தோத் தெய்வத்தின் நூலைத் துணைகொண்டு, அதே அடியை நூபிய மன்னனுக்குத் திருப்பிக் கொடுத்தார். பிறகு இருவரும் நேருக்கு நேர் மோதியதில் நூபியன் தோற்றான். 1500 ஆண்டுகள் எகிப்துப் பக்கமே வருவதில்லை என்று ஆணையிட்டுப் போனான். படித்து முடித்ததும் முடிச்சு அவிழ்கிறது. கடிதம் கொண்டுவந்தவன் அந்தப் பழைய மந்திரவாதியேதான். படித்த சிறுவன் அந்தப் பழைய எழுத்தரேதான். தாய்நாட்டில் இவனுக்கு ஈடுகொடுக்க ஆளில்லை என்பதை அறிந்து, ஒசிரிஸிடம் அனுமதி பெற்று மீண்டும் பிறந்து வந்திருக்கிறார். நூபியன் நெருப்பில் அழிகிறான். சிறுவனும் நிழல்போல் மறைந்துவிடுகிறான். செத்னே வாய்விட்டுக் கதறுகிறார்.

பின்னணி: இரண்டு ஆட்சிகள்

கி.மு. 332-இல் அலெக்சாந்தர் எகிப்துக்குள் வந்தார். அவருக்குப் பின் தாலமி மரபினர் கி.மு. 30 வரை ஆண்டார்கள். பிறகு ரோம்.

தாலமி ஆட்சி எகிப்திய மொழியைத் துரத்தவில்லை. கி.மு. 196-ஐச் சேர்ந்த ரோசெட்டாக் கல்லில் ஒரே அரசாணை சித்திர எழுத்திலும் டெமோட்டிக்கிலும் கிரேக்கத்திலும் இருப்பதை நாம் அறிவோம். கி.மு. 118-இல் வந்த ஓர் ஆணை, ஒப்பந்தம் கிரேக்கத்தில் இருந்தால் கிரேக்க நீதிபதிகளிடமும், டெமோட்டிக்கில் இருந்தால் எகிப்திய நீதிபதிகளிடமும் வழக்கு போகலாம் என்று வகை செய்தது. அதாவது எகிப்திய மொழியில் ஒரு பத்திரம் எழுதினால், அது நீதிமன்றத்தில் செல்லும்.

ஆனால் ஆதாயம் எந்தப் பக்கம் இருந்தது? கி.மு. மூன்றாம் நூற்றாண்டில், இரண்டாம் தாலமியின் காலத்தில், எழுத்துக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு உப்புவரியிலிருந்து விலக்கு தந்தார்கள். (நம் ஆசிரியர்கள் இங்கே ஒரு பெருமூச்சு விட்டுக்கொள்ளலாம்!) அது கிரேக்கக் கல்வியைப் பரப்புவதற்கான சலுகை. கெட்டிக்கார எகிப்தியர்கள் கிரேக்கம் கற்று அலுவலகத்துக்குள் போனார்கள். கெர்கியோசிரிஸ் என்ற சிற்றூரின் கணக்கர் மென்கெஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பெயர் எகிப்தியப் பெயர், எழுதும் கணக்கு கிரேக்கம், கூடவே அஸ்கிளேபியாதெஸ் என்று ஒரு கிரேக்கப் பெயரும் வைத்திருந்தார். அவரைத் துரோகி என்று சொல்ல முடியுமா? வீட்டுக்கு ஒரு பெயர், வேலைக்கு ஒரு பெயர். பிழைக்கத் தெரிந்த மனிதர், அவ்வளவுதான்.

ரோம் வந்ததும் கணக்கு மாறியது. ரோமானியக் குடிமக்கள், அலெக்சாந்திரியா போன்ற கிரேக்க நகரங்களின் குடிமக்கள் ஆகியோருக்கு வெளியே இருந்தவர்களை எல்லாம் சட்டம் ‘எகிப்தியர்’ என்ற ஒரே கூடைக்குள் போட்டது. அந்த எகிப்தியரில் ஆண்கள் தலைவரி கட்ட வேண்டும். பயூம் வட்டாரத்தில் கிராமத்து ஆள் ஆண்டுக்கு 40 திரக்மா, வட்டாரத் தலைநகரவாசி 20 திரக்மா. கிரேக்க வாழ்க்கைமுறைக்கு நெருக்கமாக இருந்தவருக்குச் சுமை குறைவு. டெமோட்டிக்கைத் தடைசெய்து ரோம் சட்டம் போட்டதற்குச் சான்று இல்லை. அதற்குத் தேவையே ஏற்படவில்லை. நிலம், கடன், திருமணம், வாரிசு என எதற்குமே கிரேக்கப் பத்திரம்தான் செல்லும் என்ற நிலை வந்தபோது, டெமோட்டிக் ஒப்பந்தம் எழுத யாருக்கும் காரணம் இல்லாமல் போனது. கி.பி. முதல் நூற்றாண்டின் முடிவுக்குள் அவ்வகை ஒப்பந்தங்கள் ஏறக்குறைய மறைந்துவிட்டன. அந்த எழுத்து கோயிலுக்குள்ளும் குருக்களின் நூலகத்துக்குள்ளும் ஒதுங்கியது. நம் கதை படியெடுக்கப்பட்டது சரியாக இந்த மாற்றத்தின் நடுவில்.

கதையின் சிறப்பு

கதையின் முதல் பாதியை நான் மிக உயர்வாக மதிப்பிடுகிறேன். காரணம் அதன் இறந்தோர் உலகக் காட்சி. அங்கே சிலர் ஓயாமல் கயிறு திரிக்கிறார்கள். திரிக்கத் திரிக்கக் கழுதைகள் அதைத் தின்றுவிடுகின்றன. வேறு சிலர் தலைக்கு மேலே தொங்கும் உணவை எட்டிப் பிடிக்கப் பார்க்கிறார்கள், அவர்கள் காலடியிலோ குழி தோண்டப்படுகிறது. கிரேக்கக் கதை படித்தவர்களுக்கு இவை பழக்கமானவை. கயிறு திரிப்பவன் ஒக்னோஸ், உணவை எட்ட முடியாதவன் தாந்தலோஸ். அப்படியானால் எகிப்தியக் கதைசொல்லி கிரேக்கரிடமிருந்து காப்பியடித்துவிட்டாரா?

இல்லை. எடுத்துக்கொண்ட படத்தை அவர் தன் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார். தாந்தலோஸ் தெய்வங்களைச் சீண்டிய அரசன். எகிப்தியக் கதையில் கயிறு திரிப்பவர்களோ, இரவும் பகலும் உழைத்தும் வீட்டில் ஒன்றும் மிஞ்சாமல் ஏமாற்றப்படும் சாதாரண மனிதர்கள். தீர்ப்புச் சொல்பவர் ஒசிரிஸ். நல்வினையும் தீவினையும் தராசில் நிறுக்கப்படுவது பழைய எகிப்திய நம்பிக்கை. வெளியிலிருந்து வந்ததை உள்வாங்கி, தன் கேள்விக்குப் பயன்படுத்துகிற தெம்பு இந்தக் கதைக்கு இருக்கிறது. கலப்பு வந்துவிட்டால் பண்பாடு தோற்றுவிட்டது என்று எழுதும் மாணவர்கள் இந்த இடத்தை இரண்டு முறை படிக்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இங்கே கோடு எகிப்தியருக்கும் அந்நியருக்கும் நடுவே போடப்படவில்லை. இருப்பவனுக்கும் இல்லாதவனுக்கும் நடுவே போடப்பட்டிருக்கிறது. பாயில் சுருட்டப்பட்டவனும் எகிப்தியன், ஊர் கூடி அழுதவனும் எகிப்தியன். லூக்கா நற்செய்தியின் லாசரு உவமையோடு இந்தப் பகுதியை அறிஞர்கள் ஒப்பிட்டுப் பேசுவதும் இதனால்தான்.

கதையின் குறை

இரண்டாம் பாதியில் எனக்கு மனத்தாங்கல் உண்டு. உத்தி என்று பார்த்தால் அற்புதம்: கதைக்குள் கதை, இறுதியில் இரண்டும் ஒன்றாகும் திருப்பம். மாணவர்கள் ‘பின்னோக்கு உத்தி’ என்று எழுதினால் மதிப்பெண் கொடுத்துவிடலாம். ஆனால் கருத்தை நிறுத்துப் பார்த்தால் ஊசல் ஆடுகிறது.

நாட்டை ஆள்வது ரோம். வரி வாங்குவது ரோம். கதையிலோ கிரேக்கரும் இல்லை, ரோமரும் இல்லை. அவமானம் கொண்டுவருபவன் நூபியன். நூபியரைப் பற்றிக் கதை பேசும் தொனியில் இளப்பம் தெரிகிறது. எதிரி மந்திரவாதியின் பெயரே ‘நூபியப் பெண்ணின் மகன்’ என்பதுதான். நூபியப் பகை எகிப்தில் மிகப் பழையது, ரோமும் எகிப்தைப் பிடித்த சில ஆண்டுகளிலேயே நூபியாவின் குஷ் அரசோடு போரிட்டது. ஆகவே பொருத்தமான எதிரி என்று ஒருவர் வாதிடலாம். இருந்தாலும், மேலே இருப்பவனைத் தொட முடியாதபோது பக்கத்து வீட்டுக்காரனை அடித்து மனத்தை ஆற்றிக்கொள்ளும் பழக்கம் இதில் தெரிகிறது. இதை நாம் பூசி மெழுகக் கூடாது.

அதைவிடப் பெரிய குறை சி-ஒசிரேயின் பாத்திரத்தில் இருக்கிறது. முதல் பாதியில் அவன் கற்பிக்கிறான். தந்தையின் கையைப் பிடித்து அழைத்துப்போய், அவரே கண்ணால் பார்க்கும்படி செய்கிறான். செத்னே மாறுகிறார். இரண்டாம் பாதியில் அவன் காப்பாற்ற மட்டும் செய்கிறான். மூடிய கடிதத்தை அவன் ஒருவனால்தான் படிக்க முடியும். யாருக்கும் அந்த வித்தையைச் சொல்லித் தரவில்லை. படித்தான், வென்றான், போய்விட்டான். அடுத்த கடிதம் வந்தால்? கதை இந்தக் கேள்விக்கு அருகிலேயே போகவில்லை. செத்னேக்கு இன்னொரு மகன் பிறப்பதாகச் சொல்லி முடித்துக்கொள்கிறது. அந்த மகன் படித்தானா என்பது நமக்குத் தெரியாது.

மூடிய கடிதமும் திறந்த கணக்கும்

இப்போது தாளைத் திருப்பிப் பாருங்கள். கதை எழுதியவர் கற்பனை செய்த ஆபத்து, முத்திரையிட்ட மர்மக் கடிதம். அவர் மொழிக்கு உண்மையில் வந்த ஆபத்தோ அதே தாளின் முன்பக்கத்தில், யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி, நிலக் கணக்காகத் திறந்து கிடந்தது. அந்த ஆபத்தைத் தோற்கடிக்க மந்திரம் பயன்படாது. நிலம் வாங்கவும் கடன் கொடுக்கவும் மகளுக்குச் சீர் எழுதவும் தங்கள் எழுத்தைப் பயன்படுத்தும் ஆயிரம் சாதாரண ஆட்கள் வேண்டும். அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கப் பள்ளி வேண்டும். அந்தச் சாதாரணப் பயன்பாடு போன பிறகு, எழுத்து அறிந்தவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். சித்திர எழுத்தில் நாள் குறிப்பிட்ட கடைசிப் பொறிப்பு கி.பி. 394-ஐச் சேர்ந்தது, டெமோட்டிக்கில் கடைசி கி.பி. 452. இரண்டும் பிலே தீவுக் கோயிலில்தான் இருக்கின்றன.

மொழி சாகவில்லை. அது கிரேக்க எழுத்துகளை எடுத்துக்கொண்டு, தனக்கே உரிய ஒலிகளுக்காக டெமோட்டிக்கிலிருந்து சில எழுத்துகளைக் கூடச் சேர்த்துக்கொண்டு, கோப்டிக் என்று புது உடையில் வந்தது. ஆனால் பழைய எழுத்தோடு செத்னேயின் கதைகளைப் படிக்கும் திறனும் மறைந்தது. 19-ஆம் நூற்றாண்டில் ரோசெட்டாக் கல்லின் துணையோடு அந்த எழுத்துகளை அவிழ்த்த பிறகே, அவற்றை மறுபடியும் யாராலும் படிக்க முடிந்தது.

இதே ரோமானிய எகிப்துக்கு நம் முன்னோர் வணிகம் செய்யப் போயிருக்கிறார்கள். செங்கடல் கரையில் பெரெனிகே, குசேர் அல்-காதிம் ஆகிய பழைய துறைகளில் தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் கிடைத்துள்ளன. கண்ணன், சாத்தன், கொற்றன் என்று ஆட்பெயர்கள். ஓர் ஓட்டில் ‘பானை ஒறி’ என்ற சொற்கள். நம் பாட்டி வீட்டில் தொங்கிய அதே உறிதான்! காவியமோ மந்திரமோ எதுவும் இல்லை. என் பானை, என் பெயர், என் உறி. ஒரு எழுத்து உயிரோடு இருப்பதற்கான அடையாளம் இப்படித்தான் இருக்கும். டெமோட்டிக்கிலும் முன்பு வரிச்சீட்டும் வாடகைப் பத்திரமும் இப்படியே எழுதப்பட்டன. அவை முதலில் நின்றன. கதைகள் அதற்குப் பிறகுதான் நின்றன.

தேர்வுக்கு எழுதும்போது

பண்பாடு ‘அழிந்தது’ அல்லது ‘மாறாமல் நின்றது’ என்று ஒரே சொல்லில் முடிக்காதீர்கள். எந்தத் துறையில் எது மாறியது என்று பிரித்துக் காட்டுங்கள். அலுவலகம், நீதிமன்றம், கோயில், கல்லறை, கதை என ஒவ்வொன்றும் வேறு வேறு வேகத்தில் மாறியது. கதையின் சிறப்பைச் சொல்லும்போது குறையையும் சொல்லுங்கள், சான்று கதைக்குள்ளிருந்தே வரட்டும்.

வகுப்பில் பேசிப் பார்க்கச் சில வினாக்கள்:

1. செத்னேயின் பாத்திரம் முதல் பாதியிலும் இரண்டாம் பாதியிலும் எவ்வாறு மாறுபடுகிறது?
2. ‘கிரேக்கத் தாக்கம் இருப்பதால் இது தூய எகிப்தியக் கதை அல்ல.’ இக்கூற்றை ஏற்கிறீரா? காரணம் காட்டுக.
3. கதையில் ரோமர் ஒருவர்கூட இல்லாதது பலமா, பலவீனமா?
4. சி-ஒசிரே மறையாமல் மெம்பிஸிலேயே ஆசிரியராக இருந்திருந்தால் கதையின் முடிவு எப்படி அமைந்திருக்கும்? ஒரு பத்தியில் எழுதுக.

நான்காம் வினாவை அந்தப் பையனிடம்தான் முதலில் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தான். “கதை போர் அடிச்சிருக்கும் சார். தினமும் பாடம் நடத்திக்கிட்டே இருந்திருப்பான்” என்றான்.

அதை அப்படியே விடையாக எழுதச் சொல்லி, நல்ல மதிப்பெண் போட்டேன்.